விட்டு விட்டு மறையும் வலிமை

நோய்களில் இருவகை உண்டு. எப்போதும் நிலைத்து நின்று வருத்துவது ஒருவகை. வந்து வருத்திவிட்டு, மருத்துவர் வரும் வேளையில் மறைந்து, அவர் போனபின் மீண்டும் தலைகாட்டுவது மற்றொருவகை. முன்னதைக் கண்டறிதல் எளிது. பின்னதே வல்லாரையும் மயக்குவது. இயந்திரங்களுக்கும் இது பொருந்தும். அறவே ஓடாத எஞ்சினைச் சோதிப்பவர் ஓரிரு மணி நேரத்தில் காரணத்தைக் கண்டுவிடுகிறார். காலையில் நன்றாக ஓடி, நண்பகலில் மேட்டுச் சாலையில் வலுவிழந்து, மாலையில் மறுபடியும் முழு வலிமையோடு ஓடும் எஞ்சினோ அவரைப் பல நாள் அலைக்கழிக்கிறது.

1970, 1980ஆம் ஆண்டுகளை ஒட்டிச் செய்யப்பெற்ற டர்போ பெட்ரோல் கார்களில் இத்தகைய குறை அடிக்கடி காணப்படுவதுண்டு. டர்போ என்னும் கருவி தரவேண்டிய மிகுதியான இழுவை சில வேளைகளில் வருகிறது. சில வேளைகளில் வருவதில்லை. இக்குறை ஏன் தோன்றுகிறது, அதன் மூலத்தை எவ்வாறு அறிவது என்பனவற்றை இவ்வுரையில் காண்போம். இதற்கு நேர்வழி டர்போவின் வரலாற்றை அறிவதே. அக்கருவியோடு சேர்ந்துள்ள உறுப்புகளில் பல, ஏதோ ஓர் ஆண்டில், ஏதோ ஓர் இடரைத் தடுப்பதற்காகச் சேர்க்கப்பட்டவை. எந்த இடருக்காக எந்த உறுப்பு வந்தது என்பதை அறியாதவர், காவலனையே கள்வன் என்று பிடித்துக் கட்ட நேரும்.

முதலில் கருவியின் இயல்பைத் தெரிந்துகொள்வோம். எஞ்சினுக்கு எரிபொருள் எவ்வளவு இன்றியமையாததோ அவ்வளவு இன்றியமையாதது காற்று. ஒரு கிலோ பெட்ரோல் முழுவதும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஆகவே ஓர் எஞ்சினின் ஆற்றலுக்கு எல்லை வகுப்பது அது உள்ளிழுக்கும் காற்றின் அளவே. பிஸ்டன் கீழிறங்கும்போது வளிமண்டலத்தின் அழுத்தம் காற்றைச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அவ்வழுத்தம் ஏறத்தாழ 1 பார். அதற்கு மேல் இயற்கை தருவதில்லை. மற்றொரு பக்கம், எரிந்தபின் வெளியேறும் புகை, வெப்பத்தையும் வேகத்தையும் சுமந்துகொண்டு வீணே போகிறது. அப்புகையை ஒரு சிறு சுழலியின் மேல் பாய்ச்சி, அச்சுழலியின் தண்டின் மறுமுனையில் ஒரு காற்றழுத்தியைப் பொருத்தினால், அது வெளிக்காற்றைத் திணித்து எஞ்சினுக்கு ஊட்டும். இதுவே டர்போ. உள்ளங்கையில் அடங்கும் இச்சக்கரங்கள் நிமிடத்திற்கு 1,00,000 சுற்றுக்கு மேலும் சுழல வல்லவை. வளிமண்டல அழுத்தத்திற்கு மேல் டர்போ கூட்டித் தரும் அழுத்தத்தை இவ்வுரையில் மிகையழுத்தம் என்று குறிப்போம்.

வீணாகும் புகையைக் கொண்டு காற்றை ஊட்டும் இக்கருத்துக்கு 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியியலறிஞர் ஆல்பிரெட் பியூகி. கருத்துப் பிறந்த உடனே கருவி வெற்றி பெற்றுவிடவில்லை. அவ்வளவு வெப்பத்தையும் வேகத்தையும் தாங்கும் உலோகங்கள் அக்காலத்தில் அரிது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் உழைத்தார். 1920களின் இடையில் இரு ஜெர்மானியப் பயணக் கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் அவரது முறை கையாளப்பட்டது. 1,750 குதிரைத் திறன் தந்த எஞ்சின்கள் அதனால் 2,500 குதிரைத் திறன் தரலாயின.

இதற்கிடையில் முதல் உலகப் போர் மூண்டது. உயரப் பறக்கும் விமானங்களுக்குக் காற்றின் மெலிவு பெருந்தடையாயிற்று. பிரான்சு நாட்டு ஒகுஸ்த் ராத்தோவும், அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சார்ந்த சான்போர்டு மாஸும் அத்தடையை டர்போவால் வெல்ல முயன்றார்கள். மாஸ் செய்த சோதனை புகழ்பெற்றது. 1918ஆம் ஆண்டில் லிபர்ட்டி என்னும் விமான எஞ்சினை ஒரு லாரியில் ஏற்றி, கொலராடோ மாநிலத்தில் 14,000 அடிக்கு மேல் உயர்ந்த பைக்ஸ் மலையுச்சிக்குக் கொண்டு சென்றார். தரைமட்டத்தில் ஏறத்தாழ 350 குதிரைத் திறன் தந்த அந்த எஞ்சின், மலையுச்சியில் 230 அளவுக்கு இறங்கிற்று. டர்போவைப் பொருத்தியதும் இழந்ததை மீட்டு 356 குதிரைத் திறன் தந்தது.

கப்பலில் 1920களிலும் விமானத்தில் அதற்கு முன்னரும் இடம்பெற்ற டர்போ, விற்பனைக்கு வந்த பெட்ரோல் காரில் 1962 வரை ஏன் இடம்பெறவில்லை? இவ்வினாவின் விடையில்தான் நம் பொருளின் உயிர்நாடி இருக்கிறது.

டீசல் எஞ்சின் காற்றை மட்டும் அழுத்துகிறது. எரிபொருள் கடைசி நொடியில் தூவப்படுகிறது. பெட்ரோல் எஞ்சினோ, அக்காலத்து அமைப்பில், காற்றையும் பெட்ரோலையும் முன்னரே கலந்து, அக்கலவையை அழுத்துகிறது. பின்னர் ஸ்பார்க் பிளக்கில் எழும் பொறியிலிருந்து சுடர் கிளம்பி ஒழுங்காகப் பரவுகிறது. அழுத்தமும் வெப்பமும் அளவு கடந்தால், சுடர் இன்னும் சென்று சேராத மூலையிலுள்ள கலவை தானாகவே வெடித்துவிடும். சிலிண்டருக்குள் சுத்தியால் தட்டுவது போன்ற ஒலி எழும். இதனைத் தட்டல் என்பர். பணிமனைகளில் 'நாக்கிங்' என்ற சொல்லே வழங்குகிறது. தட்டல் வெறும் ஓசையன்று. அது தொடர்ந்தால் பிஸ்டன் உருகித் துளைபடும், வளையங்கள் உடையும், எஞ்சின் அழியும். டர்போ செய்வதோ அழுத்தத்தை ஏற்றுவது. காற்றை அழுத்தினால் அதன் வெப்பமும் ஏறும். ஆகவே டர்போ தரும் ஒவ்வொரு பங்கு வலிமையும் எஞ்சினைத் தட்டலின் விளிம்புக்கு ஓரடி அருகே கொண்டு செல்கிறது.

விமானங்களுக்கு உயர்தரப் பெட்ரோலும் பயிற்சி பெற்றவர்களின் கண்காணிப்பும் கிடைத்தன. காரை ஓட்டுபவரோ கிடைத்த பெட்ரோலை நிரப்பி, மனம் போனபடி விசையை மிதிப்பவர். அவர் கையில் டர்போவைக் கொடுப்பதென்றால் அதனுடன் ஒரு காவலையும் கொடுக்கவேண்டும். பெட்ரோல் காரில் டர்போவின் வரலாறு, அக்காவல் முறைகளின் வரலாறே ஆகும்.

1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரு டர்போ கார்கள் விற்பனைக்கு வந்தன. இரண்டும் ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆயினும் காவலைப் பற்றி இரண்டும் இருவேறு வழிகளைக் கொண்டிருந்தன.

ஒன்று செவ்ரலே கோர்வேர் மோன்சா ஸ்பைடர். அதன் 6 சிலிண்டர் எஞ்சின் 150 குதிரைத் திறன் தந்தது. சிலிண்டருக்குள் நிகழும் அழுத்த விகிதத்தை 8க்கு 1 என்ற அளவில் தாழ்த்தி வைத்தார்கள். காற்றும் புகையும் செல்லும் வழிகளின் இறுக்கமே டர்போ எல்லை மீறாதபடி தடுத்தது. கட்டுப்படுத்தும் வால்வு எதுவும் அதில் இல்லை. எளிய வழி; ஆனால் மெதுவாக ஓடும்போது வலிமை குன்றும்.

மற்றொன்று ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்பயர். அலுமினியத்தால் ஆகிய அதன் 8 சிலிண்டர் எஞ்சின் 215 குதிரைத் திறன் தந்தது. அழுத்த விகிதத்தைத் தாழ்த்த அதன் பொறியாளர்கள் விரும்பவில்லை, 10.25க்கு 1 என்ற உயர்ந்த அளவிலேயே வைத்தார்கள். அப்படியானால் தட்டலைத் தடுப்பது எவ்வாறு? வாலை வடித்த நீரும் மெத்தனால் என்னும் சாராயமும் கலந்த ஒரு திரவத்தை, துருப்பிடிக்காமைக்கான மருந்தும் சேர்த்து, ஒரு தொட்டியில் வைத்தார்கள். டர்போ வேலை செய்யும்போது அத்திரவம் கலவையில் தெளிக்கப்பட்டு அதனைக் குளிர்விக்கும். திரவம் தீர்ந்துபோனால்? அதற்கும் வழி செய்திருந்தார்கள். தொட்டி வறண்டால் ஒரு தடுப்புத் தகடு மூடிக்கொண்டு மிகையழுத்தத்தைத் தடுத்துவிடும். ஓட்டுபவர் முன்னுள்ள விளக்கும் எரியும்.

பொறியியல் நோக்கில் இஃது அழகிய ஏற்பாடு. நடைமுறையில் நேர்ந்தது வேறு. பெட்ரோலும் எண்ணெயும் தண்ணீரும் நிரப்பிப் பழகிய மக்கள், நான்காவதாக ஒரு திரவத்தையும் நிரப்பவேண்டும் என்பதை மறந்தார்கள். தொட்டி வறண்டது, தகடு மூடிற்று, காரின் வலிமை மறைந்தது. திரவத்தை ஊற்றினால் வலிமை மீண்டும் வந்தது. ஓட்டுபவர்களுக்கு இது நம்பத்தகாத காராகத் தோன்றிற்று. இரண்டே ஆண்டுகள், ஏறத்தாழ 9,600 கார்களுடன், ஜெட்பயரின் உற்பத்தி நின்றது. 1965இல், விரும்பியவர்களுக்கு டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டரை விலையின்றிப் பொருத்தித்தர நிறுவனமே முன்வந்தது. அத்தகடு மூடியதால் காப்பாற்றப்பட்ட எஞ்சின்கள் எத்தனையோ! ஆனால் காப்பாற்றப்பட்டதை எவரும் காணவில்லை. வலிமை குறைந்ததை மட்டுமே கண்டார்கள்.

டர்போ காரின் வலிமை மறையும்போது முதலில் கேட்கவேண்டிய வினாவை ஜெட்பயரின் கதை நமக்குத் தருகிறது. எஞ்சின் வலிமையை இழந்துவிட்டதா, அல்லது ஏதோ ஒரு காவல் அதனைத் தர மறுக்கிறதா?

அடுத்த பத்தாண்டில் டர்போ பந்தயக் களத்தில் வளர்ந்தது. 1972, 1973ஆம் ஆண்டுகளில் வட அமெரிக்காவில் நடந்த கேன்-ஆம் பந்தயங்களில் போர்ஷே நிறுவனத்தின் 917 வகை டர்போ கார்கள் வாகை சூடின. 'வேஸ்ட்கேட்' எனப்படும் வடிகால் வால்வு அங்கே சிறப்பான பணியாற்றிற்று. அணையில் நீர் மிகுந்தால் கலிங்கு வழியே வழிந்தோடுவது போல, மிகையழுத்தம் வரையறையை எட்டியதும் இவ்வால்வு திறந்து, புகையின் ஒரு பகுதியைச் சுழலியைத் தொடாமல் வெளியேற்றிவிடும். சவ்வும் சுருள்வில்லும் இணைந்த சிறு அமைப்பு ஒன்றே அதனை இயக்குவது. காற்றழுத்தியிலிருந்து வரும் ஒரு மெல்லிய ரப்பர் குழாய் மிகையழுத்தத்தைச் சவ்வுக்கு அறிவிக்கும். சவ்வு சுருள்வில்லை வென்று வால்வைத் திறக்கும்.

1973இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2002 டர்போ என்ற காரை வெளியிட்டது. 2 லிட்டர் எஞ்சின் 170 குதிரைத் திறன் தந்தது. தட்டலுக்கு அஞ்சி அழுத்த விகிதத்தை 6.9க்கு 1 என்ற அளவுக்குத் தாழ்த்தியிருந்தார்கள். ஆகவே டர்போ எழும்வரை கார் சோர்ந்திருக்கும். எழுந்ததும் துள்ளிப் பாயும். அவ்வாண்டு இறுதியில் எண்ணெய் நெருக்கடி தோன்றிற்று. 1,672 கார்களோடு அதன் வரலாறு முடிந்தது. 1974இல் காட்டப்பெற்ற போர்ஷே 911 டர்போ நிலைத்து நின்றதென்றாலும், அது செல்வர்களுக்கும் தேர்ந்த ஓட்டுநர்களுக்கும் உரிய காராகவே இருந்தது.

டர்போவை அன்றாடக் குடும்பக் காருக்கு ஏற்றதாக்கிய பெருமை ஸ்வீடன் நாட்டுச் சாப் நிறுவனத்துக்கு உரியது. பேர் கில்பிராண்டு என்னும் பொறியாளர் அம்முயற்சியில் முன்னின்றார். அவரது நோக்கம் உச்ச வேகமன்று. சாதாரண வேகத்தில் முன்செல்லும் வண்டியைக் கடக்கவும் மேட்டில் ஏறவும் இழுவை வேண்டும் என்பதே. சிறிய சுழலி விரைவில் எழும். ஆனால் உயர்வேகத்தில் எல்லை மீறும். மீறுவதை வடிகால் வால்வு தடுக்கும். இக்கருத்தின்படி 1977இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் சாப் 99 டர்போ வெளிவந்தது. 2 லிட்டர் எஞ்சின், 145 குதிரைத் திறன், ஏறத்தாழ 0.7 பார் மிகையழுத்தம். வடிகால் வால்வு பழுதானால் என்ன செய்வது என்றும் எண்ணி, இரண்டாவது காவல் ஒன்றையும் வைத்தார்கள். மிகையழுத்தம் ஆபத்தான அளவை எட்டினால் ஓர் அழுத்த ஸ்விட்சு பெட்ரோல் பம்பின் மின்னோட்டத்தை அறுத்துவிடும்.

அழுத்த விகிதத்தை மட்டும் அவர்களும் 7.2க்கு 1 என்று தாழ்த்தவே வேண்டியிருந்தது. மோசமான பெட்ரோல், கடும் வெயில் ஆகிய தீய நிலைமைகளுக்கு அஞ்சி, நல்ல நிலைமைகளிலும் எஞ்சினைக் கட்டிப்போடவேண்டியிருந்தது. இதற்கு மாற்றாக 1980இல் அந்நிறுவனம் ஏ.பி.சி. என்னும் தன்னியக்கக் கட்டுப்பாட்டை அறிவித்தது. 1982ஆம் ஆண்டு வகைக் கார்களில் அது இடம்பெற்றது. எஞ்சினின் உடலில் ஒரு சிறு உணர்வி பொருத்தப்பட்டது. தட்டலின் அதிர்வைக் கேட்டதும் அது மின்குறி அனுப்பும். மின்னணுப் பெட்டி அதனை ஏற்று, வடிகால் வால்வுக்குச் செல்லும் குழாயிலுள்ள மின்காந்த வால்வை வினாடிக்குப் பலமுறை திறந்து மூடி, மிகையழுத்தத்தை வேண்டிய அளவுக்குக் குறைக்கும். தட்டல் நின்றதும் மீண்டும் கூட்டும். இக்காவலால் அழுத்த விகிதத்தை 8.5க்கு 1 என்று உயர்த்த முடிந்தது. நல்ல பெட்ரோல் ஊற்றினால் மிகுந்த வலிமை, தாழ்ந்த பெட்ரோல் ஊற்றினால் குறைந்த வலிமை, எஞ்சினுக்குத் தீங்கில்லை.

இம்முறையில் மின்காந்த வால்வின் செயலை ஊன்றிக் கவனிக்கவேண்டும். அதற்கு மின்சாரம் கிடைக்காதபோது மிகையழுத்தம் முழுவதும் சவ்வுக்கே சென்று வடிகால் வால்வை விரைவில் திறந்துவிடும்; எஞ்சினுக்கு அடிப்படை அளவாகிய ஏறத்தாழப் பாதி மிகையழுத்தமே கிடைக்கும். மின்சாரம் கிடைக்கும்போதுதான் சவ்வுக்குச் செல்லும் அழுத்தத்தில் ஒரு பகுதி வேறு வழியே கழிந்து, முழு மிகையழுத்தம் எழும். கம்பி அறுந்தால் வலிமை கூடாமல் குறையவேண்டும் என்று எண்ணியே இவ்வாறு அமைத்தார்கள்.

இனி, நாம் தொடங்கிய குறைக்கு வருவோம். நாற்பது ஆண்டு கண்ட இத்தகைய கார் ஒன்றில் வலிமை விட்டு விட்டு மறைகிறது என்று கொள்வோம். காவல்கள் தோன்றிய முறை நமக்குத் தெரியுமாதலால் சோதனையும் எளிதாகிறது. எண்கள் பொறித்த ஓர் அழுத்தமானியைச் சிறு குழாயால் எஞ்சினின் காற்றுக்கூடத்தோடு இணைத்து, ஓட்டுபவர் தவிர மற்றொருவர் அதனைப் பார்த்திருக்க, மேட்டுச் சாலையில் காரைச் செலுத்தவேண்டும். வலிமை மறையும் அந்த நொடியில் முள் காட்டும் நிலை நான்கில் ஒன்றாக இருக்கும்.

முதல் நிலை: முள் முழு அளவும் ஏறிநிற்கிறது, எஞ்சின் மட்டும் திணறுகிறது. டர்போ தன் கடமையைச் செய்கிறது, குறை வேறிடத்தில். அழுத்தம் மிகுந்த கலவையில் பொறி பாய்வதற்கு உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். தேய்ந்த ஸ்பார்க் பிளக்கும் நலிந்த காயிலும் மெதுவாக ஓடும்போது பிழையின்றி வேலை செய்து, மிகையழுத்தம் எழும்போது மட்டும் தோற்றுப்போகும். பெட்ரோல் வடிகட்டி அடைபட்டிருந்தாலும் இவ்வாறே நிகழும்.

இரண்டாம் நிலை: முள் வழக்கத்தினும் மேலே சென்று, உடனே எஞ்சின் அடித்து நிறுத்தினாற்போல் வலிமையை இழக்கிறது, மிதியைத் தளர்த்தியதும் மீள்கிறது. இது பலரை ஏமாற்றுவது. வலிமை குறைந்ததென்று ஓட்டுபவர் சொல்வார். உண்மையில் நேர்ந்தது மிகையழுத்தத்தின் மிகுதி. வடிகால் வால்வின் ரப்பர் குழாய் வெடித்தோ கழன்றோ சவ்வுக்குச் செய்தி போகாமலிருக்கும். அதனால் அழுத்தம் எல்லை மீற, இரண்டாவது காவலாகிய ஸ்விட்சு பெட்ரோலை நிறுத்திவிட்டது. சில ரூபாய் பெறும் ரப்பர் துண்டு ஒன்றே இதற்கு மருந்தாகலாம்.

மூன்றாம் நிலை: முள் அடிப்படை அளவில் ஏறி அங்கேயே நிற்கிறது. இங்கே மின்காந்த வால்வு வேலை செய்யவில்லை என்று தெளியலாம். அது பழுதானதாலா, அல்லது பணி நிறுத்தும்படி கட்டளை வந்ததாலா என்பதே அடுத்த வினா. உயர்தரப் பெட்ரோலை நிரப்பி, வெப்பம் குறைந்த வேளையில் ஓட்டிப் பார்க்கவேண்டும். வலிமை திரும்பினால் அங்கே குறையே இல்லை. காவல் விழிப்போடு இருக்கிறது என்பது பொருள். திரும்பாவிடில் உணர்வியின் கம்பி, அதன் இணைப்புகள், மின்காந்த வால்வின் சுருள், மின்னணுப் பெட்டியின் பற்றவைப்புகள் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். பற்றவைப்பில் மயிரிழைபோன்ற விரிசல் இருந்தால், குளிர்ந்திருக்கும்போது சேர்ந்தும் சூடேறியபின் பிரிந்தும் விளையாடும். தளர்ந்த தகடொன்றின் அதிர்வைத் தட்டல் என்று உணர்வி மயங்குவதும் உண்டு.

நான்காம் நிலை: முள் அடிப்படை அளவைக்கூட எட்டுவதில்லை. காற்று கசிகிறது, அல்லது சுழலிக்குப் புகை சேரவில்லை என்பதே இதன் பொருள். பழைய ரப்பர் குழாயின் வெடிப்பு எஞ்சின் நின்றிருக்கும்போது மூடிக்கிடக்கும். அழுத்தம் ஏறும்போதுதான் உதடுபோல் விரியும். ஆகவே கண்ணால் பார்ப்பது போதாது. குழாய் வழியைத் தகுந்த அளவு காற்றால் நிரப்பி, சோப்பு நீர் தடவி, குமிழி எழும் இடத்தைத் தேடவேண்டும். வடிகால் வால்வு வெப்பத்தில் இறுகித் திறந்தவாறே நிற்றல், சுழலிக்கு முன்னுள்ள புகைக்குழாயில் விரிசல், டர்போவின் தண்டு தேய்தல் ஆகியவை அடுத்து நோக்கத்தக்கவை. டர்போவையே குற்றம் சாட்டுவது இவை எல்லாவற்றுக்கும் பின்னரே. விலையுயர்ந்த டர்போவை மாற்றியபின்னும் பழைய குறை அப்படியே இருப்பது, இம்முறையை விட்டு ஊகத்தால் தொடங்குவோருக்கு நேர்வது.

சோதிப்பவர் எப்போதும் கையில் ஒரு குறிப்பேடு வைத்திருத்தல் நன்று. வலிமை மறைந்தபோது எஞ்சின் சூடாயிருந்ததா, மழை பெய்ததா, எந்தப் பெட்ரோல் நிரப்பப்பட்டது, எந்த வேகத்தில் எந்தக் கியரில் கார் சென்றது என்பனவற்றை எழுதவேண்டும். விட்டு விட்டு வரும் குறை காரணமின்றி வருவதில்லை; வெப்பம், அதிர்வு, ஈரம், அழுத்தம் என்னும் நான்கில் ஒன்றைப் பின்பற்றியே வருகிறது. ஒருமுறைக்கு ஓர் உறுப்பை மட்டுமே மாற்றவேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றியவர், குறை நீங்கினாலும் காரணத்தை அறியமாட்டார்.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. வலிமையை மீட்கக் குறுக்குவழி ஒன்று உண்டு. வடிகால் வால்வின் குழாயை அடைத்துவிட்டால் அது திறக்காது. அழுத்த ஸ்விட்சைக் கழற்றிவிட்டால் பெட்ரோல் நிற்காது. உணர்வியின் கம்பியை ஏமாற்றிவிட்டால் தட்டல் கேட்காது. கார் அன்று மாலையே பாய்ந்து செல்லும். பின்னர் ஒரு வெயில் நாளில், நெடுஞ்சாலையில், கூவி எச்சரிக்கக் காவல் எதுவும் இல்லாத நிலையில், பிஸ்டன் துளைபட்டு எஞ்சின் மடியும். ஓட்டுபவரும் பின்னால் வருபவரும் அவ்வேளையில் ஆபத்துக்கு உள்ளாவர். குறையைத் தீர்ப்பது வேறு. குறையைச் சொல்லும் வாயை அடைப்பது வேறு.

பின்வந்த ஆண்டுகளில் காவல் மேலும் நுண்மை பெற்றது. 1993ஆம் ஆண்டை ஒட்டிச் சாப் நிறுவனம் தன் 9000 வகைக் காரில் டிரையோனிக் என்ற முறையைக் கொணர்ந்தது. பொறி பாய்ந்து முடிந்ததும் ஸ்பார்க் பிளக்கின் முனைகளுக்கிடையே சிறு மின்னோட்டம் செலுத்தி, எரிந்த வாயுவின் மின்கடத்தும் இயல்பிலிருந்து தட்டலை அறிந்தார்கள். தீ மூட்டிய பிளக்கே காதாகவும் ஆயிற்று. அந்நிறுவனம் 2011ஆம் ஆண்டு இறுதியில் நொடித்துப்போயிற்று. ஆயினும் சிறிய எஞ்சின், டர்போ, தட்டலுணர்வி, மின்னணுக் கட்டுப்பாடு என்ற அமைப்பு, இன்று உலகெங்கும் விற்கப்படும் பெட்ரோல் கார்களில் மிகப் பலவற்றுக்குப் பொதுவாகிவிட்டது.

நீங்கள் எத்துறையில் புகுந்தாலும், செயல்படாமல் நின்ற ஒரு கருவியோ முறையோ உங்கள் முன் வரும். அப்போது, 'இது ஏன் பழுதாயிற்று?' என்று கேட்பதற்கு முன், 'இது எதற்காக இங்கே வைக்கப்பட்டது?' என்று கேளுங்கள். ஜெட்பயரின் தொட்டி வறண்டபோது அதன் உரிமையாளர்கள் இவ்வினாவைக் கேட்டிருந்தால், தட்டுப்பட்டிருக்கும் விடை மிகவும் எளியது: ஒரு புட்டித் திரவம். அவ்விடை கிடைக்காமையால் டர்போ குடும்பக் காருக்கு வந்து சேர மேலும் பதினைந்து ஆண்டுகள் கழிந்தன.